சேதராப்பட்டில் பாதியில் நின்ற வாக்கியம்

ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரையும் போன வாரம் பார்த்தேன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கேட்டது அந்தப் பட்டியலைத்தான். ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் 'டு' வரும், எதற்குப் பின்னால் 'இங்' வரும் என்று நான் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த பட்டியல். 'வான்ட் டு கோ' சரி. 'என்ஜாய் டு கோ' தவறு, 'என்ஜாய் கோயிங்' என்றுதான் சொல்ல வேண்டும். இப்படி நூற்றுச் சொச்சம் சொற்கள். நான் ஓய்வு பெற்ற கையோடு யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். பட்டியல் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூலக்குளத்தில் மருந்துக் கடைக்கு மேலே நம் வகுப்பறை இருந்த காலம் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எனக்கு முன்பிருந்தே ஒரு மூத்த ஆசிரியை பாடம் நடத்தி வந்தார். முதல் வாரமே அவரிடம் கேட்டேன்: ஏன் சில சொற்களுக்கு டு, சிலவற்றுக்கு இங்? அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகச் சொன்னார். ஆசைப்படுவது, தீர்மானிப்பது, நம்பிக்கை வைப்பது எல்லாம் இனிமேல் நடக்கப் போகிறவை, அவற்றுக்கு டு. ரசிப்பது, முடிப்பது, ஒப்புக்கொள்வது எல்லாம் நடந்தவை, இல்லை நடந்துகொண்டிருப்பவை, அவற்றுக்கு இங். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதே அந்தச் சந்தோஷம் கெட்டது. 'அவாய்ட்' என்றால் இனி நடக்காமல் பார்த்துக்கொள்வது. 'சஜஸ்ட்' என்றால் இனி செய்யலாம் என்று சொல்வது. இரண்டுக்கும் இங் அல்லவா வருகிறது?

மறுநாள் போய்ச் சண்டை பிடிப்பதுபோலக் கேட்டேன். அவர் சிரித்தார். "பத்துக்கு ஏழு ஒழுங்கா வருதில்ல? மிச்சம் மூணுக்கு ஏன்னு தேடிக்கிட்டே இரு. போரடிக்காது," என்றார். உண்மைதான், முப்பது வருஷம் போரடிக்கவில்லை. இன்றும் காலையில் காய் நறுக்கும்போது ஏதாவது ஒரு சொல் வந்து தொந்தரவு செய்கிறது. கத்தியை வைத்துவிட்டு யோசிக்கிறேன், வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேதராப்பட்டில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைப் புட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலை. அங்கிருந்து ஒருமுறை ஆறு பெண்களை நம்மிடம் அனுப்பினார்கள். மருந்து வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் அவ்வப்போது ஆய்வுக்கு ஆள் அனுப்புமாம். அப்படி வருகிறவர்கள் அலுவலகத்து ஆட்களை ஒதுக்கிவிட்டு, எந்திரத்தின் முன் நிற்பவர்களிடமே நேரடியாகக் கேள்வி கேட்பார்களாம். அதற்காகத்தான் ஆங்கிலம். முதல் ஷிப்ட் முடிந்து, முகம் கழுவி, ஷேர் ஆட்டோ பிடித்து ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள்.

அவர்களில் ஒருவர் அஞ்சலாட்சி. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். அவர் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், ஆலையை மூடியதும் வீட்டோடு இருந்துவிட்டவர். அஞ்சலாட்சி பன்னிரண்டு வருஷமாக மூடி போடும் எந்திரத்தில் நிற்கிறார். ஒன்பதாவதுவரை படிப்பு. நான் பார்த்த மாணவர்களிலேயே என்னைத் திணறடித்தவர் அவர்தான்.

மூன்றாம் வகுப்பிலேயே எழுந்து நின்று கேட்டார்: "மேடம், தமிழ்ல இந்த மாதிரி பட்டியல் இருக்குதா?"

"இல்லையே, தமிழ்ல எதுக்குப் பட்டியல்?"

"சாப்ட ஆசப்பட்டேன்னு சொல்றோம். சாப்ட்டு முடிச்சேன்னு சொல்றோம். சாப்டறத நிறுத்திட்டேன்னு சொல்றோம். ஒவ்வொண்ணுக்கும் சாப்பாடு வேற வேற மாதிரி மாறுதில்ல? 'சாப்ட முடிச்சேன்'னு யாராச்சும் சொன்னா சிரிப்போம். நமக்கு இத்த யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

தமிழிலும் ஆங்கிலத்திலும் பட்டம் வாங்கியவள் நான். ஒருநாளும் இது தோன்றியதில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் நாம் ஒருவரும் தடுமாறுவதில்லை. எப்படி? அன்று இரவு சாப்பாட்டு மேசையில் 'முடி', 'தொடங்கு', 'மற', 'மறு' என்று எழுதிக்கொண்டிருந்தேன். 'சொல்ல மறந்தேன்' வேறு, 'சொன்னதை மறந்தேன்' வேறு. அட, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அஞ்சலாட்சிமேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் வந்தது அப்படித்தான். அதனாலேயே அவரிடம் இருந்த ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.

அந்த ஆறு பேரும் பேசும்போது பாதியில் நின்றுவிடுவார்கள். "ஐ டிசைட்..." என்பார்கள், அவ்வளவுதான். கண் சுவரில் இருக்கும் பட்டியலுக்குப் போகும். பதில் கிடைத்தால் வாக்கியம் தொடரும், கிடைக்காவிட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். அதே வகுப்பில் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் தப்பும் தவறுமாகத் தடதடவென்று ஓட்டுவார்கள், எங்கும் நிற்க மாட்டார்கள். எனக்கோ பையன்களைக் கண்டால் எரிச்சல், இந்தப் பெண்களைக் கண்டால் பெருமை. 'வாயைத் திறக்கும் முன் வினைச்சொல்லைப் பார்' என்பதுதானே நான் தினமும் சொல்லும் மந்திரம்? அதை மதிப்பவர்கள் இவர்கள்தான் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் தொழிற்சாலைக்கு அனுப்பிய குறிப்பில் அஞ்சலாட்சிக்கு முதலிடம் கொடுத்து, 'யோசித்துப் பிழையில்லாமல் பேசுகிறார்' என்று என் கையாலேயே எழுதினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி போன் செய்தார். இளைஞர், நல்ல பையன், குரலில் பதற்றம்.

"மேடம், உடனே கொஞ்சம் வர முடியுங்களா? அஞ்சலாட்சி அக்கா விஷயம்."

அவரே காரோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். முந்தைய நாள் நடந்ததைப் போகிற வழியில் சொன்னார். ஆய்வுக்கு ஓர் அம்மையார் வந்திருக்கிறார். அவர் வந்த நேரத்தில் மூடி போடும் எந்திரம் நின்றிருக்கிறது. நிறுத்தியது அஞ்சலாட்சி. ஏன் நிறுத்தினாய் என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அஞ்சலாட்சி வாயைத் திறந்தார், இரண்டு சொல் சொன்னார், நின்றுவிட்டார். திரும்பக் கேட்டார்கள். மறுபடியும் இரண்டு சொல், மறுபடியும் மௌனம். பக்கத்தில் நின்ற உற்பத்தி மேலாளர் முந்திக்கொண்டு, இந்தப் பெண் பயந்துபோய்த் தெரியாமல் நிறுத்திவிட்டார், எந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். அம்மையாரும் குறித்துக்கொண்டார்.

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு இன்னொரு வாட்டி கேப்பாங்களாம் மேடம். அதுக்கும் பேசலன்னா, காரணமில்லாம நிறுத்துனாங்கன்னு ஆயிடும். மேலாளர் அக்காவ எந்திரத்துலேர்ந்து எடுத்துக் குடோன்ல பெட்டி அடுக்க அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு."

"அவங்க ஏன் நிறுத்துனாங்களாம்?"

"அதான் மேடம், அக்கா எங்ககிட்டயும் சரியா சொல்லல. அழுதுக்கிட்டே ஊட்டுக்குப் போயிட்டாங்க."

ஒன்பதரைக்கு ஒரு சின்ன அறையில் அஞ்சலாட்சியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கண்கள் வீங்கியிருந்தன. தமிழில் கேட்டதும் கடகடவென்று சொல்லிவிட்டார். மூடி இறுகும்போது வரும் சத்தம் காலையிலிருந்தே மாறியிருந்தது. ஒரு புட்டியை எடுத்துத் திருகிப் பார்த்தார், மூடி விரலோடு வந்துவிட்டது. அடுத்தது சரியாக இருந்தது. நாலாவது மறுபடி லூஸ். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். லாரி நிற்கிறது, ஓட்டு என்றார் அவர். அஞ்சலாட்சி ஓட்டவில்லை.

"கண்ணுல உடற மருந்து மேடம். மூடி லூஸா இருந்தா உள்ள அழுக்குப் போயிடும். யாரு கண்ணோ."

"இவ்வளவு தெளிவா சொல்றீங்களே. நேத்து அவங்ககிட்ட ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார், இது கூடவா தெரியாது என்பதுபோல.

"டிசைடுக்கு அப்பறம் டூவா இங்கான்னு சந்தேகம் வந்துடுச்சு மேடம். அங்க சுவத்துல பட்டியலும் இல்ல. அதான் நிறுத்திட்டேன்."

"சந்தேகம் வந்தா நிறுத்திடுவீங்களா?"

"எங்க லைன்ல அதான மேடம் சட்டம்? சந்தேகம் வந்தா நிறுத்து, அப்பறம் யோசின்னு பெருசா எழுதிப் போட்டுக்கீறாங்க. சந்தேகத்தோட ஒரு பீஸக்கூட அனுப்பக் கூடாது. நீங்களும் அதத்தான சொல்லிக் குடுத்தீங்க?"

எனக்கு வந்தது வெட்கமா, வியப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆறு பேரும் ஏன் ஒரே மாதிரி நின்றார்கள் என்று மூன்று மாதத்தில் ஒருநாளாவது கேட்டேனா? கூச்சம் என்றும் கவனம் என்றும் நானே பெயர் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக அவர் கைக்குப் பழகிய ஒன்றை வாய்க்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் அதற்கு முதலிடம் கொடுத்து இன்னும் இறுக்கிவிட்டிருக்கிறேன். டு எங்கே, இங் எங்கே என்று அத்தனை வருஷம் துருவித் துருவிக் கேட்டவளுக்கு, எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் 'ஏன் நிற்கிறீர்கள்' என்று கேட்கத் தோன்றவில்லை.

மணி பத்தாகப் பத்து நிமிஷம். மனிதவள அதிகாரி எட்டிப் பார்த்தார். "மேடம், நாலு வரி எழுதிக் குடுங்க, அக்கா மனப்பாடம் பண்ணட்டும்," என்றார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். நம் தொழிலில் கை முதலில் பேனாவுக்குத்தான் போகும். இரண்டு வரி எழுதியும் முடித்தேன், அழகான வரிகள். பிறகு யோசித்தேன். அம்மையார் எதிர்க் கேள்வி கேட்டால்? மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால்? மறுபடியும் சந்தேகம், மறுபடியும் நின்றுவிடுவார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"நான் வேணும்னா கூட உக்காந்து மொழிபெயர்க்கறேன். நீங்க தமிழ்லயே சொல்லுங்க," என்றேன். அதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

அஞ்சலாட்சி தலையை ஆட்டினார். "வேணாம் மேடம். நேத்து எனக்குப் பதிலா ஒருத்தர் பேசிட்டாரு. பேசி என்னா ஆச்சின்னு பாத்தீங்கல்ல? நிறுத்தனது நானு. நானே சொல்றேன்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. டூ, இங் ரெண்டையும் மறந்துடுங்க. எது வாயில வருதோ அத வெச்சு ஓட்டுங்க."

"தப்பாயிடுமே!"

"ஆகட்டும்."

"இன்னா மேடம் இப்படிச் சொல்றீங்க? தப்பான பீஸ வெளிய அனுப்புன்னா சொல்றீங்க?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மேலாளரும் முந்தைய நாள் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது நானும் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவசரமாக ஒரு பதில் சொல்லி மழுப்ப முடியாது. மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவார், அவர் வேலையே அதுதான்.

"மூடி லூஸா போனா யாருக்குக் கெடுதல்?" என்று கேட்டேன்.

"மருந்து உட்டுக்கறவங்களுக்கு."

"நீங்க டூவுக்குப் பதிலா இங் போட்டா யாருக்குக் கெடுதல்?"

யோசித்தார். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"உங்களுக்குத்தான் கொஞ்சம் மனசு கஷ்டமாயிருக்கும்," என்றார்.

"நான் தாங்கிக்குவேன்."

முதல்முறையாக அன்று சிரித்தார்.

பதினோரு மணிக்கு ஒரு நீளமான மேசை. ஒரு பக்கம் மேலாளர். நடுவில் ஆய்வுக்கு வந்த அம்மையார், நரைத்த குட்டை முடி, மூக்கில் இறங்கிய கண்ணாடி. பிரெஞ்சுக்காரர் என்பது அவர் ஆங்கிலம் உருண்டு வந்த விதத்திலேயே தெரிந்தது. புதுச்சேரிக்காரிக்கு அது தெரியாமல் போகுமா? நான் சுவரோரம் உட்கார்ந்தேன். பேசக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் என்னை உள்ளே விட்டிருந்தார்கள்.

"ஒய் டிட் யூ ஸ்டாப் தி மெஷின்?" என்று அம்மையார் மெதுவாகக் கேட்டார்.

"சவுண்ட் சேஞ்ச், மேடம். ஐ ஓபன் ஒன் பாட்டில். கேப் லூஸ். ஐ டிசைட்..."

நின்றது. மேலாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார், பேச வாயெடுத்தார். எனக்கு நாக்கு நுனியில் 'டு ஸ்டாப்' துடித்தது. இரண்டே சொல், மெல்ல எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அடுத்த வினைச்சொல்லுக்கும் என்னைத்தான் பார்ப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். என் பணிக்காலத்திலேயே நான் செய்த கடினமான வேலை அந்தச் சில நொடிகள் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான். நான் மிகைப்படுத்தவில்லை.

"ஐ டிசைட் ஸ்டாப்பிங்," என்றார் அஞ்சலாட்சி. அதற்குப் பிறகு நிற்கவில்லை. "சார் டெல் மி, ரன். ஐ ரெஃப்யூஸ் ரன்னிங். ஃபோர் பாட்டில், டூ லூஸ். மெடிசின் ஃபார் ஐ. டர்ட் கோ இன்சைட். ஐ நாட் வான்ட் சென்டிங்."

முதல் இரண்டு பிழைகளை எண்ணினேன், பழக்கதோஷம். அதற்குப் பிறகு எண்ண மறந்துபோனேன். மேலாளர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மையார் அவர் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். "ஐ சஜஸ்ட் டு சீ திஸ் மெஷின். நவ். வித் யூ," என்றார்.

எந்திரம் இருக்கும் இடத்துக்குள் போக எனக்கு அனுமதியில்லை. உடை, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு அவர்கள் இருவரும் போனார்கள். நான் வெளியே கண்ணாடிச் சுவர் அருகே நின்றேன். உள்ளே பேசுவது ஒன்றும் காதில் விழாது. அஞ்சலாட்சி ஒவ்வொரு புட்டியாக எடுத்துத் திருகிக் காட்டினார். காதைத் தொட்டுச் சத்தத்தைப் பற்றி ஏதோ சொன்னார். அம்மையார் கேட்டார், அவர் பதில் சொன்னார், மறுபடி கேட்டார், மறுபடி சொன்னார். முகமூடி விடாமல் அசைந்துகொண்டே இருந்தது. இருபது நிமிஷம் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசுவதைத் திருத்த வழியில்லாமல் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் என் மாணவி ஒருவரை முழுசாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மூடியை இறுக்கும் பாகம் ஒன்று தேய்ந்திருந்ததாம். அந்த எந்திரத்தை அங்கேயே பூட்டிவைக்கச் சொன்னார்கள். முந்தைய நாள் எழுதிய குறிப்பை அம்மையார் அடித்துவிட்டு, சரியான காரணத்தோடு நிறுத்தப்பட்டது என்று எழுதினார். பழுது பார்த்த பிறகு அந்த எந்திரத்தில் அஞ்சலாட்சியே நிற்க வேண்டும் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

வாசலில் கார் வரக் காத்திருந்தபோது அஞ்சலாட்சி ஓடிவந்தார். தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் இருந்தது. மூச்சு வாங்கியது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்தம்மா சஜஸ்டுக்கு அப்பறம் டூ போட்டாங்க. சஜஸ்ட் இங் தான?"

"இங் தான். கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். தப்பாச்சேன்னு தோணுச்சு. ஆனா மெஷின காட்டுன்னு கேக்கறாங்கன்னு புரிஞ்சிடுச்சு மேடம். அதான் ஓடிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக் கேட்டார்: "நேத்தும் அவங்க புரிஞ்சிக்கத்தான் கேட்டுக்கீறாங்க, இல்ல? நான்தான் பரீட்ச வெக்கறாங்கன்னு நெனச்சிட்டேன்."

அப்படி நினைக்கச் சொல்லித் தந்தது யார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவருக்குப் பின்னால் ஆட்கள் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் காலையில் மூடி போட்ட புட்டிகள். "எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்க," என்றார் அஞ்சலாட்சி. கடைசிப் பெட்டி இறங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றோம். அந்த மருந்து யார் கண்ணிலும் விழவில்லை.